டேலி இருக்கும் வீட்டுக் கணினியில் லினக்ஸ் போடலாமா?

பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். கணவர் கூலிக்குத் தறி ஓட்டுகிறார், வீட்டை ஒட்டியே தறி குடோன். நூல் வந்தது, துணி போனது, ஆளுக்குக் கூலி, ஜிஎஸ்டி தாக்கல், இ-வே பில் என்று எழுத்து வேலை முழுக்க இவர் கையில். இதற்கெல்லாம் இருப்பது ஒரே கணினி. 2017-ல் திருப்பூரில் அசெம்பிள் செய்து வாங்கியது; ஐ3 ஏழாம் தலைமுறை புராசசர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கணக்கு எழுதும் டேலி மென்பொருள் காசு கொடுத்து வாங்கிய லைசன்ஸ். விண்டோஸ் அப்படியில்லை, கடைக்காரரே ஏற்றிக் கொடுத்தது, பில்லில் அந்த வரியே கிடையாது.

கொஞ்ச நாளாகக் கணினி ரொம்ப மெதுவாம். "ஆன் பண்ணிட்டு அடுப்படிக்குப் போய் டீ வெச்சுக் குடிச்சுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டேதான் இருக்குது" என்று எழுதியிருக்கிறார். கூடவே, விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு. சர்வீஸ் கடையில் கேட்டால், "மிஷினையே மாத்துங்க, இல்லாட்டி 11 போட்டுத் தர்றேன், ஆக்டிவேஷன் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்கிறார்கள். கோவையில் இன்ஜினியரிங் படிக்கும் நாத்தனார் மகனோ, "அத்தை, விண்டோஸே வேண்டாம், ஞாயித்துக்கிழமை வந்து எல்லாத்தையும் அழிச்சுட்டு லினக்ஸ் போட்டுடறேன், வைரஸே வராது, டேலியும் அதுல ஓடும்" என்கிறான். கணவர், "நீயே பாத்து முடிவு பண்ணு" என்று ஒதுங்கிவிட்டார். வாசகியின் கேள்விகள் இவை: கணினி ஒருநாள் தானாக நின்றுவிடுமா? லினக்ஸ் போட்டால் கணக்கெல்லாம் போய்விடுமா? ஒரிஜினல் இல்லாத விண்டோஸுக்காக யாராவது வந்து பிடிப்பார்களா? "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. லினக்ஸ் எனக்கு ஆகுமா?"

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடைக்காரர் சொன்னது இருக்கிறது, மருமகன் சொன்னது இருக்கிறது. அந்தக் கணினி முன்னால் தினமும் உட்காருகிற உங்களிடம், "அதில் என்னென்ன வேலை செய்யறீங்க?" என்று இரண்டு பேரும் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணினி பராமரித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. விண்டோஸோ, அதற்குப் பதிலாகப் போடும் லினக்ஸோ, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளைத்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பார்கள். எது வேண்டும் என்பதை ஏற்றுகிறவர் முடிவு பண்ணக்கூடாது, அதில் வேலை பார்க்கிறவர்தான் முடிவு பண்ண வேண்டும். எனவே உங்கள் வேலைகளை வைத்தே பார்ப்போம்.

முதலில் பயத்தைக் கழித்துவிடலாம். கணினி நிற்காது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். நேற்று ஓடியது நாளையும் ஓடும், டேலியும் திறக்கும். ஆனால் அந்தத் தேதிக்கு அப்புறம் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள் என்பதால், இணையத்தில் உலவுகிற, பேங்க் பார்க்கிற, முன்பின் தெரியாத மெயிலைத் திறக்கிற கணினிக்கு ஆபத்து மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகும். வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தரும் திட்டம் ஒன்றையும் அவர்களே அறிவித்தார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அதில் பேக்கப் செய்யச் சம்மதித்தால் அதற்குக் காசில்லை. அது முறையான விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கான வழி, அதுவும் தற்காலிக ஒட்டுதான்.

விண்டோஸ் 11 ஏன் நேராக ஏறவில்லை என்பதற்கு டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப் இல்லாததுதான் காரணம் என்று உங்கள் மருமகன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. அந்தக் காலத்து போர்டுகள் பலவற்றில் அது பயாஸ் என்ற, கணினி திறக்கும்போது முதலில் ஓடும் அமைப்புக்குள் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், தட்டிவிட்டால் வந்துவிடும். நிஜமான தடை புராசசர். இன்டெல்லில் ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர எட்டாம் தலைமுறையிலிருந்துதான் 11-க்கான பட்டியலில் இருக்கிறது, உங்களுடையது ஏழு. ஒரு படி கீழே நின்றுவிட்டது. கடைக்காரர் சொல்வது இந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றும் குறுக்கு வழி. ஏறும், ஓடவும் ஓடும். ஆனால் பட்டியலில் இல்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. அப்டேட் நின்றுவிட்டதே என்றுதானே இவ்வளவு பேச்சும்? அதற்கு மருந்தாக, அப்டேட் வருமா வராதா என்று தெரியாத ஒன்றைப் போட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. 4 ஜிபி ராமில் 11 இப்போதைவிட மெதுவாகத்தான் நகரும் என்பது தனி.

மெதுவாக இருப்பதற்குக் காரணம் விண்டோஸ்தானா?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது: கணினி வைத்திருக்கும் அறையின் கதவைத் திறந்தால் குடோன். தறி ஓடுகிற இடத்தில் காற்றில் பஞ்சு இல்லாமல் இருக்காது. அந்தப் பஞ்சை சிபியு பெட்டியின் ஃபேன் நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. புராசசர் மேல் இருக்கும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே அது மெத்தை மாதிரி படிந்துவிடும். சூடு வெளியே போக வழியில்லாவிட்டால் புராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சில நேரம் பொட்டென்று அணைந்துவிடும். சோமனூர், பல்லடம் பக்கம் வேலைக்குப் போனால் நான் முதலில் கையில் எடுப்பது ஸ்க்ரூ டிரைவரும் பிரஷும்தான். பாதி வீடுகளில் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும். நீங்கள் எந்த சிஸ்டம் போட்டாலும் பஞ்சு பஞ்சுதான்.

எனவே ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தால் முதல் வேலையாகப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதி எடுக்க வேண்டும். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் கன்னாபின்னாவென்று சுற்றிக் கெட்டுப்போகும். ஹீட் சிங்க்கைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். அப்புறம் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி ஒரு ஸ்டூல் மேல், குடோன் கதவுக்கு எதிர்ப்புறமாக வையுங்கள். துணி போட்டு மூடி வைத்துக்கொண்டே ஓட்டும் வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

இரண்டாவது சந்தேகம் ஹார்ட் டிஸ்க். 2017-லிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க். டீ குடித்துவிட்டு வந்தாலும் திறக்கவில்லை என்கிற கதை வந்தால், பெரும்பாலும் குற்றவாளி அதுதான். அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்ற, சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க் போட்டால் வரும் வித்தியாசம், எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாற்றினாலும் வராது. ராம் இன்னொரு 4 ஜிபி சேர்த்தால் இன்னும் நல்லது. உங்கள் போர்டு டிடிஆர்3 வகையா டிடிஆர்4 வகையா என்று பழைய ராமைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. விலை நான் சொல்லப்போவதில்லை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. திருப்பூரிலும் கோவை காந்திபுரத்திலும் இரண்டு கடை கேட்டுப் பாருங்கள்.

டேலிதான் முடிவு பண்ணும்

உங்கள் மற்ற எல்லா வேலையும் லினக்ஸில் நடக்கும். ஜிஎஸ்டி தளம், இ-வே பில் தளம், நெட் பேங்கிங், யூடியூப், மெயில் எல்லாம் பிரவுசருக்குள் இருப்பவை. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அங்கேயும் அதே குரோம், அதே ஃபயர்ஃபாக்ஸ்தான். தனி உரிமையாளர் பெயரில் ஜிஎஸ்டி பதிவு என்பதால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உங்களுக்குக் கட்டாயமில்லை, போனுக்கு வரும் ஓடிபி போட்டே தாக்கல் செய்யலாம். கம்பெனியாகவோ எல்எல்பியாகவோ இருந்தால் டோக்கன் இல்லாமல் முடியாது, அப்போது லினக்ஸில் சில தலைவலிகள் உண்டு. உங்களுக்கு அந்தப் பாடு இல்லை.

ஆனால் டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஒயின் என்ற மென்பொருள் வழியாக விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்ட முடியும் என்று மருமகன் சொல்வது பொய்யில்லை. சிலர் டேலியையும் அப்படி ஓட்டுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வரை அழகாக இருக்கும். ஏதோ ஒரு அப்டேட்டுக்குப் பிறகு லைசன்ஸ் தெரியவில்லை, பிரிண்ட் வரவில்லை, டேட்டா திறக்கவில்லை என்று நின்றால், அதுவும் தாக்கல் தேதிக்கு முந்தின ராத்திரி நின்றால், யாரைக் கூப்பிடுவீர்கள்? டேலி விற்றவர் எங்கள் பொறுப்பில்லை என்பார். பையனுக்கு செமஸ்டர் இருக்கும். படிக்கிற பையன் தன் லேப்டாப்பில் செய்து பார்க்க அது நல்ல வேலை, வீட்டு வருமானக் கணக்கை அதன் மேல் வைக்க நான் ஒப்ப மாட்டேன். லினக்ஸுக்குள் விண்டோஸை ஒரு பெட்டி போல வைத்து ஓட்டும் விர்ச்சுவல் மெஷினும் 4 ஜிபி ராமில் வேலைக்கு ஆகாது.

இன்னொன்று, இது முக்கியம். டேலி லைசன்ஸ் அந்தக் கணினியோடு பிணைக்கப்பட்டது. வேறு கணினிக்கோ புதிதாக ஏற்றிய விண்டோஸுக்கோ அதைக் கொண்டுபோக வேண்டுமானால், பழையதை அழிப்பதற்கு முன்பே டேலிக்குள் ஹெல்ப் பகுதியில் லைசன்ஸை சரண்டர் செய்ய, அதாவது திருப்பி ஒப்படைக்க வேண்டும். "எல்லாத்தையும் அழிச்சுட்டு" என்று பையன் சொன்னானே, அந்த வார்த்தையைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. டேட்டாவும் அப்படித்தான். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, கணக்குகளை அந்த ஆண்டின் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கணினி மாற்றினோம், போய்விட்டது என்ற பதில் யாரிடமும் செல்லாது.

கிராக் விண்டோஸ் பற்றி

யாராவது வந்து பிடிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கிராமத்து வீட்டுக்குள் வந்து கணினியைத் திறந்து பார்ப்பது அபூர்வம். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்ற பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவது குற்றம் என்கிறது. 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்கோ ஆதாயத்துக்கோ பயன்படுத்தாத பட்சத்தில், நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு 50,000 வரை அபராதத்தோடு நிறுத்தலாம். "வீட்டுக் கம்ப்யூட்டர்தானே" என்று நீங்கள் நினைப்பது இங்கேதான் இடிக்கிறது. இருப்பது வீட்டில்தான், ஆனால் அதில் நடப்பது தொழில் கணக்கு. அந்தச் சலுகை உங்களுக்குப் பொருந்தும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. கடையில் ஆக்டிவேஷனுக்கு என்று ஏற்றும் அந்தச் சின்ன புரோகிராம் யார் எழுதியது, உள்ளே என்ன செய்கிறது என்று ஏற்றுகிறவருக்கே தெரியாது. அதை ஏற்றும்போது ஆன்டிவைரஸை அணைத்து வைக்கச் சொல்வார்கள். அதே கணினியில்தான் நீங்கள் பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிறீர்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீயையும் நம்பாதீர்கள். பெரும்பாலும் வேறெங்கோ மொத்தமாகக் கொடுத்த லைசன்ஸைப் பிரித்து விற்பதுதான்.

சரி, "லினக்ஸில் வைரஸே வராது" என்பது? குறைவு என்பது உண்மை, வரவே வராது என்பது இல்லை. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் சொந்த இணையதளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, கெடுதல் சேர்த்த பதிப்பைத் தரவிறக்க வைத்துவிட்டார்கள். உடனே கண்டுபிடித்து நீக்கினார்கள். மேலும், நம் பக்கம் பணம் போவதெல்லாம் வைரஸால் இல்லை, போனில் பேசி ஓடிபி வாங்குவதாலும் போலி லிங்க்கைத் தொட வைப்பதாலும்தான். அதை எந்த சிஸ்டமும் தடுக்காது. அப்படி ஏதாவது நடந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அடியுங்கள்.

உங்களுக்கு ஆகுமா?

ஆகும். இதில் உங்களுக்குத் தயக்கமே வேண்டாம். கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதே கெர்னல் என்ற லினக்ஸின் மையப்பகுதிதான். வாளையாறு தாண்டினால் கேரளப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பல வருடமாக லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். நம் அரசு 2011-லிருந்து கொடுத்த இலவச லேப்டாப்பிலும் விண்டோஸோடு சேர்த்து பாஸ் என்ற லினக்ஸ் வந்தது, சி-டாக் உருவாக்கியது. ஆன் செய்யும்போது இரண்டு பெயர் வந்திருக்கும், எல்லோரும் விண்டோஸைத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பு. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், நடுவில் திறந்திருக்கும் ஜன்னல்கள். அரை நாளில் கை பழகிவிடும். 22 வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை அப்டேட் உண்டு. மெனுக்களைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சில இடங்களில் மொழிபெயர்ப்பு பாதியில் நின்று இங்கிலீஷ் எட்டிப் பார்க்கும். என்னைக் கேட்டால், பழகின இங்கிலீஷ் பெயர்களே உங்களுக்குச் சுலபம். ஃபைல், சேவ், பிரிண்ட் என்றுதானே நாம் பேசுவதும்.

தமிழ் டைப்பிங்கைப் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பல்லடத்தில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் தேர்வு முடித்தவர், பழைய டைப்ரைட்டர் முறையில்தான் விரல் ஓடும், சங்கத்துக்கும் கோயிலுக்கும் அடித்த கடிதங்கள் எல்லாம் வானவில் எழுத்துருவில். லினக்ஸில் ஐபஸ் என்ற வசதிக்குள் டைப்ரைட்டர், தமிழ்99, ஒலிபெயர்ப்பு மூன்று முறையும் இருக்கின்றன. எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால் வந்துவிடும். விரல் பழக்கம் வீணாகாது. ஆனால் இதில் அடிப்பது, எந்தக் கணினியிலும் போனிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு எழுத்தாக வரும். பழைய கடிதங்கள் வானவில் எழுத்துரு இல்லாவிட்டால் கிறுக்கலாகத் தெரியும். ஒன்று அந்த எழுத்துருவை லினக்ஸிலும் ஏற்றிக்கொள்ளலாம், இல்லை எழுத்துருமாற்றி ஒன்றில் கொடுத்து யூனிகோடாக மாற்றலாம். நான் இரண்டாவதைச் சொல்வேன். 2010 ஜூனில் நம்ம கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்திலேயே அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றாகிவிட்டது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் போடவும் போனில் படிக்கவும் யூனிகோடுதான் உதவும். நீங்கள் லினக்ஸுக்குப் போகாவிட்டாலும் இதைச் செய்து வையுங்கள்.

வேர்டு, எக்ஸெல் வேலைக்கு லிப்ரே ஆபீஸ் கூடவே வரும். கூலிப் பட்டியல் மாதிரி சாதாரண எக்ஸெல் எல்லாம் அப்படியே திறக்கும். மேக்ரோ என்ற தானியங்கிக் கட்டளை போட்ட ஷீட் ஏதாவது ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வந்தால் மக்கர் பண்ணலாம். உங்கள் மகளின் படிப்புக்கு இது லாபம்தான்: பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான், இரண்டுக்கும் லினக்ஸ் வசதியான இடம், பைத்தான் முதலிலேயே உள்ளே இருக்கும்.

பிரிண்டர் மட்டும் கொஞ்சம் இடறும். உங்களிடம் இருப்பது கேனான் எல்பிபி 2900. நம் ஊர் ஆபீஸ்களில் பாதி அதுதான், உழைப்பில் குறை சொல்ல முடியாது, ஆனால் லினக்ஸில் அதை ஓட வைப்பது எரிச்சல் பிடித்த வேலை. ஓட வைக்கலாம், பையன் அரை நாள் உட்கார வேண்டியிருக்கும், நாளைக்கு ஏதாவது அப்டேட்டில் மறுபடி நிற்கலாம். டேலி பில்லை விண்டோஸிலேயே பிரிண்ட் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இது பெரிய குறையில்லை.

நான் செய்யச் சொல்வது

புதுத் தறி இறக்குகிற அன்றைக்கே பழைய தறியை எடைக்குப் போட்டுவிடுவீர்களா? இங்கேயும் கொஞ்ச நாள் இரண்டும் ஓடட்டும். ஒரே டிஸ்கைப் பிரித்து இரண்டு சிஸ்டம் போடும் வழியைப் பலரும் சொல்வார்கள், எனக்கு உங்கள் விஷயத்தில் அது பிடிக்கவில்லை. வயதான டிஸ்க், அதில் கணக்கு. பிரிக்கிற நேரத்தில் கரண்ட் போனால் இரண்டும் போச்சு. இரண்டு டிஸ்க் போடுங்கள்.

முதலில் டேலியிலிருந்து பேக்கப் எடுத்து ஒரு பென் டிரைவில் போடுங்கள், டேட்டா ஃபோல்டரை முழுசாக இன்னொன்றிலும் காப்பி செய்யுங்கள். போட்டோக்கள், கடிதங்களும் அப்படியே. இரண்டில் ஒன்று அந்தக் கணினி இருக்கும் அறையில் இருக்கக் கூடாது. எடுத்த பேக்கப் வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்தால்தான் அது பேக்கப். ஆடிட்டர் ஆபீஸில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் திறக்கச் சொல்லுங்கள். காலியான பென் டிரைவாக இருக்கட்டும், அதில் உள்ளது அழிந்துவிடும். மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு தரவிறக்கிய ஃபைலை ஒப்பிடவும் சொல்லுங்கள். இப்படித் திறக்கும்போது உங்கள் ஹார்ட் டிஸ்கில் எதுவும் எழுதப்படாது. வேகம் குறைவாக இருக்கும், ஆனால் வைஃபை கிடைக்கிறதா, சவுண்டு வருகிறதா, ஜிஎஸ்டி தளம் திறக்கிறதா, டைப்ரைட்டர் முறையில் தமிழ் வருகிறதா என்று நீங்களே உட்கார்ந்து பார்த்துவிடலாம். பையன் பார்த்தால் போதாது, நீங்கள் பார்க்க வேண்டும். அதிலேயே டிஸ்க்ஸ் என்று ஒரு புரோகிராம் இருக்கும், பழைய ஹார்ட் டிஸ்கின் ஆரோக்கியத்தைக் காட்டும். அது மோசம் என்று சொன்னால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டேட்டாவைக் காப்பாற்றும் வேலையைப் பாருங்கள்.

பிடித்திருந்தால் ஒரு 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்கின் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, எஸ்எஸ்டி மட்டும் இருக்கும்போது லினக்ஸை ஏற்ற வேண்டும். டிஸ்க்கையே அழித்து நிறுவும் பட்டனைத் தவறித் தட்டினாலும் உங்கள் கணக்குக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அது அந்த நேரத்தில் இணைப்பிலேயே இல்லை. முடிந்ததும் ஒயரை மாட்டிக்கொள்ளலாம். ஆன் செய்யும்போது எஃப்12 மாதிரி ஒரு பட்டனை அழுத்தினால் எந்த டிஸ்கிலிருந்து திறப்பது என்று கேட்கும். எந்தப் பட்டன் என்பது போர்டுக்குப் போர்டு மாறும், அதை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டச் சொல்லுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்றும் முன்னாடியே பாருங்கள்.

இரண்டு சில்லறை விஷயம், சொல்லாவிட்டால் போன் பண்ணுவீர்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்பதை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் லினக்ஸிலிருந்து அந்த டிஸ்கில் எழுத விடாது. அப்புறம் லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். கெட்டுப்போகவில்லை, இரண்டும் கணினிக் கடிகாரத்தை வேறு வேறு விதமாகப் படிக்கின்றன. லினக்ஸில் ஒரு வரிக் கட்டளையில் சரியாகும், பையனுக்குத் தெரியும்.

இதற்கு அப்புறம் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் டேலியும் பிரிண்டரும் மட்டும். இணைய ஒயரைப் பிடுங்கி வையுங்கள், டேலி லைசன்ஸுக்குத் தேவைப்படும்போது மட்டும் மாட்டினால் போதும். ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரத் தாக்கலுக்கான ஜேசன் ஃபைலை டேலியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, லினக்ஸில் திறந்து, பழைய டிஸ்கில் இருக்கும் அதே ஃபைலை எடுத்துத் தளத்தில் ஏற்றிவிடலாம். பேங்க், மெயில், மகள் படிப்பு எல்லாம் லினக்ஸில். மாற்றி மாற்றித் திறப்பது சலிப்பாகத்தான் இருக்கும், மறைக்கவில்லை. ஒரு தாக்கல் சுற்று முழுக்க இப்படி ஓட்டிப் பாருங்கள். சலிப்பு தாங்கவில்லை என்றால், எட்டாம் தலைமுறைக்கு மேல் புராசசர் உள்ள, விண்டோஸ் லைசன்ஸ் பில்லோடு வரும் கணினி ஒன்றை, ரீஃபர்பிஷ்டு ஆனாலும் பரவாயில்லை, டேலிக்காக வாங்கிவிடுங்கள். லைசன்ஸை முதலில் சரண்டர் செய்துவிட்டு அங்கே கொண்டுபோங்கள். அப்போது இந்தக் கணினியை முழுக்க லினக்ஸாக்கி மகளுக்குக் கொடுத்துவிடலாம். எப்படிப் பார்த்தாலும் உரிமம் இல்லாத அந்த விண்டோஸ் 10-ஐ வருடக்கணக்கில் இழுக்க வேண்டாம். தொழில் கணக்குக்கு ஆகும் செலவாகவே அந்த லைசன்ஸைக் கணக்கில் எழுதலாம், ஆடிட்டரிடம் கேளுங்கள்.

மருமகன் மேல் கோபம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையை அத்தை வீட்டுக் கணினிக்கு ஒதுக்குகிற பையன் கிடைப்பது லேசில்லை. ஆனால் லினக்ஸ் ஏற்றும்போது கேட்கும் பாஸ்வேர்டை நீங்கள் அடியுங்கள், அவன் அடிக்க வேண்டாம். அப்டேட் வந்தால் கீழே மூலையில் ஒரு கேடயம் தெரியும், அதைத் தட்டி எப்படி ஏற்றுவது என்பதை அவன் செய்து காட்டாமல், உங்களைச் செய்ய வைத்துப் பக்கத்தில் நிற்கட்டும். பாஸ்வேர்டை உங்கள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள்.